பேய் கிட்டார்க்காரியைப் பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் இல்லை.

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. ஏழாவது மாடிவரை படியேறி, மூச்சு வாங்க நான் போய் நின்றபோது கதவைத் திறந்தது இந்திராணி அத்தை. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. மாமா பினாங்குத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து காலமானவர். அவர்களுடைய ஒரே மகள் வனஜாவை என் தம்பி முருகேசனுக்குக் கேட்கலாம் என்று திருச்சியில் பேச்சு எழுந்ததும், நேரில் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுப்பதால் உலகமே எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பது அன்று காலையே தெரிந்துவிட்டது. தவறான பஸ்ஸில் ஏறி, ஊரின் மறு கோடியில் ஆயர் ஈத்தாம் சந்தையில் இறங்கி விழித்துக்கொண்டு நின்றேன். கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு சீன அம்மா என் சேலையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எங்க போணும்?" என்றார், தமிழில். நான் திகைத்துப் போனேன். இடத்தைச் சொன்னதும், "அலாமா! அது அந்தப் பக்கம் லா. இந்த பஸ் இல்ல, அந்த பஸ்," என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்துச் சொல்லி, கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தார். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நம் தமிழிலேயே வழி கேட்டால்கூட இவ்வளவு கரிசனம் கிடைக்காது.

அத்தை கறுப்புக் காப்பி கொடுத்தார். "வனஜா பிராக்டீஸுக்குப் போயிருக்கு மா. இப்ப வந்துரும்."

"என்ன பிராக்டீஸ் அத்தை? டைப்ரைட்டிங்கா?"

அத்தை பிஸ்கட் டின்னைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. குள்ளமான, கண்ணாடி போட்ட பெண். நீல நிறத் தொழிற்சாலைக் கோட்டு. முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பை. "வாங்க அக்கா, ஃபிளைட்டெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று சிரித்தபடி பையை இறக்கினாள். உள்ளே மின்சார கிட்டார். அதன் உடம்பில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு மண்டை ஓடு. மண்டை ஓட்டின் தலையில் மல்லிகைச் சரம்.

"நான் ஹாரர் பங்க் வாசிக்கிறேன் அக்கா, பேய் வேஷம் போட்டு வேகமா அடிக்கிற பாட்டு," என்றாள், ஆபீசில் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்வதைப் போல.

அவள் குளிக்கப் போனதும் அத்தை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கவலப்படாத கோமதி. ஞாயித்துக்கிழமையோட எல்லாம் முடிஞ்சுரும். ரெண்டு வாட்டி ஷோ போட்டுச்சு, ரெண்டும் பாதியில நின்னு போச்சு. மூணாவதும் நின்னா கிட்டார மூட்ட கட்டிட்டு நீங்க சொல்ற ஆளக் கட்டிக்கிறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கு. ஞாயித்துக்கிழமைதான் மூணாவது."

அத்தையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நல்ல பெண், நல்ல வேலை, கிட்டார் ஒன்றுதான் குறை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வனஜா லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றிக் காட்டினாள். காலையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் இன்னும் மெல்லியது, மிருதுவானது. அதற்குப் பருப்புக் கறி ஊற்றினார்கள். கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீள இழுத்து ஆற்றிய தேநீர் எங்கள் ஊர் டீக்கடையை நினைவூட்டியது. நான் ஏதோ ஒப்பிட்டுச் சொல்ல, பக்கத்து மேசைப் பெரியவர், "இந்தியாவுலருந்து வந்தீங்களா? அங்க சீனி கம்மியா போடுவாங்க போல," என்று எனக்காக வருத்தப்பட்டார்.

பினாங்கு ரோட்டில் வெயில் தாங்காமல் ஒரு தள்ளுவண்டி ஓரம் நின்று செண்டோல் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலும் பனை வெல்லமும் துருவிய ஐஸும், நடுவில் பச்சைப் புழு போன்ற மாவுத் துண்டுகள். பார்க்கத்தான் பயம். அங்கே நின்றபடிதான் அவள் தன் கதையைச் சொன்னாள்.

அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், கீழ்வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போகும்போது விட்டுச் சென்ற கிட்டார் அது. ரெண்டு கம்பி அறுந்து கிடந்தது. மிச்சக் கம்பிகளிலேயே பழகினாள். பிறகு ஒரு கல்யாண பேண்டில் சேர்ந்து சினிமாப் பாட்டு வாசித்தாள். "பின்னால நிக்கச் சொல்வாங்க. சேலை கட்டச் சொல்வாங்க. சத்தத்தக் குறைக்கச் சொல்வாங்க. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பொம்பளப் புள்ள காலை அகட்டி நிக்குதேன்னு பேச்சாயிருச்சு. அதோட நிறுத்திட்டாங்க."

"அதுக்காகப் பேய் வேஷமா?"

"இல்ல லா அக்கா. அது கிலாங்ல வந்துச்சு."

கிலாங் என்றால் தொழிற்சாலை. கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் அப்போது மூன்றாவது வரிசையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் குறை தேட வேண்டும். ஒரு நாள் பக்கத்து நாற்காலிப் பெண் அலறிக்கொண்டு எழுந்தாள். மைக்ராஸ்கோப்புக்குள் தலைவிரித்த ஒருத்தி நின்று தன்னைப் பார்ப்பதாகச் சொன்னாள். அடுத்தவள் அலறினாள். அப்புறம் வரிசை முழுவதும். மந்திரவாதியை வரவழைத்து ஆட்டை வெட்டினார்கள். அடுத்த நாள் காலை அதே நாற்காலி, அதே மைக்ராஸ்கோப். முதலில் அலறிய பெண்ணை மட்டும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாரும் பேய் யாருன்னு கேட்டாங்க அக்கா. அந்தப் புள்ளைக்கு எத்தன நாளா தூக்கம் இல்லன்னு யாரும் கேக்கல. எனக்குக் கோவம். அந்தக் கோவத்த எப்படிப் பாடறதுன்னு தெரியல. அப்பதான் ஒரு ஃபிரண்டு ஒரு கேசட் குடுத்தான். வேகமா, கரடுமுரடா, மண்டை ஓடு, சுடுகாடுன்னு பாடறானுங்க. வீட்டுல வச்சு சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன், நம்மகிட்ட இல்லாத பேயா?"

அப்படிப் பிறந்ததுதான் 'மூணாவது லைன்' என்ற அவர்கள் குழு. டிரம்ஸ் வாசிக்கும் நோர், அதே வரிசையில் அன்று அலறியவர்களில் ஒருத்தி. பேஸ் கிட்டார் ஆ சொங், வேனும் கிடங்கும் வைத்திருக்கிறவன். மூவரும் முகத்துக்கு வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு அடித்துக்கொண்டு மேடை ஏறுவார்கள். முதல் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு முடிந்ததும் மண்டபத்துக்காரர்கள் பயந்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். இரண்டாவதில் கூட்டத்திலிருந்து யாரோ எறிந்த போத்தல் அவளுடைய இடது கையில் பட்டது. நடுவிரல் இன்னும் முழுதாக மடங்காது. அந்த விரலை ஒதுக்கிவிட்டு வாசிக்கத் தனியாக ஒரு பிடி கண்டுபிடித்திருந்தாள். செண்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் அந்தப் பிடியை எனக்குப் பிடித்துக் காட்டினாள்.

அப்போது முதல்முறையாக எனக்கு நிம்மதி கொஞ்சம் குறைந்தது.

சனிக்கிழமை அவளோடு புக்கிட் தெங்காவுக்குப் போனேன். கோழித்தீவன மூட்டைகள் அடுக்கிய ஆ சொங்கின் கிடங்கில்தான் ஒத்திகை. மூட்டைகள் சத்தத்தை விழுங்கிக்கொள்ளுமாம். நோர் தலையில் துணி கட்டிய, மெதுவாகப் பேசுகிற பெண். எனக்கு உட்கார ஒரு மூட்டையைத் தட்டிக் கொடுத்து, மலாயில் ஏதோ சொன்னாள். "காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுறா," என்றாள் வனஜா.

நான் வைத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகக் காதில் ஹெட்போன் மாட்டி, இரைச்சலுக்குள்ளிருந்து குரலைப் பிரித்தெடுத்துப் பழகியவள் நான். முதல் அடியில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அது ரம்பம் அறுப்பது போன்ற சத்தம்தான். மூன்றே மூன்று சுரக்கட்டுகளைத்தான் திருப்பித் திருப்பி அடிக்கிறாள். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு மெட்டு ஓடியது. தாலாட்டைப் போல ஒன்று, யாரோ துரத்த ஓடிக்கொண்டே பாடுகிற தாலாட்டு.

*மைக்ராஸ்கோப்புக்குள்ள பார்த்தேன்,*
*என் கண்ணே என்னைப் பார்த்துச்சு.*
*பெல் அடிக்கல, பெல் அடிக்கல,*
*பேயும் இன்னும் வேலையில.*

ஒரு சரணம் தமிழில், அடுத்தது மலாயில். பாட்டு முடிந்ததும் வனஜா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எப்படி அக்கா?" என்றாள்.  "உங்க ஊருல இதுக்கு ஆள் வருவாங்களா?" என்று மட்டும் கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு சங்க மண்டபம். மத்தியானத்திலிருந்து ஐந்து குழுக்கள் வாசிக்க, கடைசியாக இவர்கள். ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அத்தையை நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "நான் எதுக்குமா வந்து அந்தக் கூத்தப் பாக்கணும்? முடிஞ்சதும் நீ வந்து சொல்லு," என்றுவிட்டார்.

கிடங்கில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதே வேன் இருமியது. ஆ சொங் அதன் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தான். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெர்ரிக்கு வரிசை. நேரமாகிவிடுமென்று வனஜாவும் நோரும் வேனுக்குள்ளேயே முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டார்கள். ஃபெர்ரி நடுக்கடலில் போகும்போது காற்றுக்காக இறங்கி நின்றோம். பக்கத்துக் காரிலிருந்த சிறுமி வனஜாவைப் பார்த்து வீலென்று கத்தினாள். அவளுடைய தாத்தா பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். வனஜா பவ்யமாகத் தலையைக் குனிந்து, "பூசி விடுங்க தாத்தா, இன்னிக்குப் புரோகிராம் இருக்கு," என்றாள். அவர் விரலால் அந்த வெள்ளை நெற்றியில் இன்னும் கொஞ்சம் வெள்ளையைச் சேர்த்தார்.

தீவுக்கரை வந்தது. வாகனங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கள் வேன் ஒரு முனகல் முனகி, அப்படியே செத்தது. சாவியைத் திருப்பத் திருப்ப ஒன்றும் இல்லை. பின்னால் ஹாரன்கள். ஆ சொங் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். வனஜா மணியைப் பார்த்தாள். அந்த வெள்ளை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண் மட்டும் நிறைந்து நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். நான் சும்மா நின்றிருந்தால் போதும். என் தம்பிக்குப் பெண் கிடைத்திருப்பாள். நான் வந்த காரியம் அந்த இடத்தில் தானாகவே முடிந்திருக்கும். அது என் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மடங்காத விரல் கிட்டார்ப் பையின் வாரைப் பற்றியிருந்ததைப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேனின் பின்னால் போய்க் கையை வைத்தேன்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்க!" என்று திருச்சிக் குரலில் ஒரு கத்துக் கத்தினேன். விபூதித் தாத்தா முதலில் வந்தார். ஹாரன் அடித்த லாரிக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள், மீன் கூடையோடு ஒரு சீனப் பெண், ஃபெர்ரி ஊழியர்கள், இரண்டு பேய்கள். எல்லோரும் சேர்ந்து தள்ள, வேன் ஃபெர்ரியின் இறங்குபாலத்தில் ஏறி இறங்கிக் கரைக்கு உருண்டது. அங்கே லாரிக்காரர் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது இனி ஓடாது. எங்க போணும்? ஏத்துங்க," என்றார். அன்று 'மூணாவது லைன்' மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது முட்டைக்கோஸ் லாரியில்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. முந்தைய குழு முடித்து, கறுப்புச் சட்டைப் பையன்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்தின் காவல்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார். அவரும் தமிழர்தான். "தங்கச்சி, ஆறுன்னா ஆறு. நீ பாதிப் பாட்டுல இருந்தாலும் மெயின் சுவிட்ச அமத்திருவேன். எனக்கு மேல கேள்வி வரும்."

வயர்களை இழுத்துச் செருகுவதற்குள் இன்னும் நேரம் போனது. வெளியே ஒரு தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. பகல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள் பெண்கள். நீலக் கோட்டோடு, அடையாள அட்டையோடு, சிலர் தலைத்துணியோடு, சிலர் பூவோடு. நோர் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லியிருந்தாளாம். வருவார்கள் என்று அவளே நம்பவில்லை. அவர்கள் உள்ளே வரவர, போய்க்கொண்டிருந்த பையன்கள் என்ன இது என்று திரும்பி வந்தார்கள்.

வனஜா மேடையேறினாள். காலை அகட்டி நின்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அடித்தாள்.

முதல் பாட்டில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவதில் தலை ஆடியது. பையன்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு சுழன்றார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று கடிகாரத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசிப் பாட்டாக அந்த மைக்ராஸ்கோப் பாட்டைத் தொடங்கியபோது ஆறு ஆகிவிட்டது.

காவல்காரர் சுவிட்ச் பெட்டியை நோக்கி நடந்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கம் ஓட முயன்றேன், முடியவில்லை. அவர் பெட்டியை நெருங்கியபோது அதன் முன்னால் ஏற்கனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சேலை, கையில் ஹேண்ட்பேக், குடை. இந்திராணி அத்தை.

எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. இரைச்சலில் அவர்கள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது.

"நவுருங்க அம்மா, டைம் ஆச்சு."

"நீங்க நில்லுங்க. எம் மக இன்னும் முடிக்கல."

"மேல எனக்குக் கேள்வி வரும் மா."

"வந்தா எம் பேரச் சொல்லுங்க. இந்திராணி. சுங்கை பினாங். அஞ்சு நிமிஷம் லா அண்ணே, என்னா கொறஞ்சு போகும்?"

அவர் அத்தையின் குடையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அப்போது *பெல் அடிக்கல* என்ற வரி மறுபடியும் வந்தது. ஒரே ஒரு பெண் முதலில் கூடப் பாடினாள். அப்புறம் அவள் பக்கத்தில் நின்றவள். அடுத்து நீலக் கோட்டுகள் அத்தனையும். மலாய்ப் பெண்கள் தமிழ் வரியையும், தமிழ்ப் பெண்கள் மலாய் வரியையும், சீனப் பெண்கள் இரண்டையும் கத்தினார்கள். அன்று தொழிற்சாலையில் அலறியதைவிடப் பெரிய சத்தம் அது. ஆனால் இந்த முறை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸின் பின்னால் நோரின் வெள்ளைப் பூச்சில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. வனஜா கடைசிச் சுரக்கட்டை ஓங்கி அடித்து, கையை உயர்த்தி, சத்தம் தானாக அடங்கும்வரை அப்படியே நின்றாள். பாட்டு முடிந்தது. முழுதாக முடிந்தது.

காவல்காரர் கைதட்டினார். பிறகு மெயினை அமத்தினார்.

தங்கள் பாட்டைப் பதிவு செய்து அவர்கள் விற்கக் கொண்டுவந்த கேசட்டுகள் அங்கேயே தீர்ந்தன. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கி, எப்போது வாசிக்க வருகிறீர்கள் என்று வனஜாவின் பின்னாலேயே நடந்தார். அன்று தொடங்கிய ஓட்டம் பிறகு சிங்கப்பூருக்கும் அதையும் தாண்டி ஜப்பானுக்கும் போனது. அவளுடைய அந்த ஒதுங்கிய விரல் பிடியைப் பார்த்துப் பழகுகிற பையன்கள் இப்போது இருக்கிறார்களாம். நல்ல விரல் இருக்கும்போதே அதை மடக்காமல் வாசிக்கிறார்களாம்.

அத்தையை நான் வாசலில் பிடித்தேன். 

"பாதியில நின்னாதானே அத்தை உங்களுக்கு நல்லது?"

"அப்படி நெனச்சுத்தாம்மா பாக்க வந்தேன். அந்த ஆளு சுவிட்சுப் பக்கம் நடந்ததும் நான் முந்திக்கிட்டுப் போய் நின்னுட்டேன். அவ்வளவு பேரு அவ பாட்டுக்கு ஆடறாங்க, எப்படிமா அமத்துறது?" குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கோமதி, ஒண்ணும் நெனச்சுக்காத. இப்ப அவளக் கட்டிக் குடுக்க முடியாது. அவளுக்கு வேலை இருக்கு," என்றார்.

எல்லோரும் சாலையோரக் கடையில் சார் கொய் தியோ சாப்பிட்டோம். தீயில் புரட்டிய தட்டை நூடுல்ஸ், இறால், முட்டை. பேய்கள் வெள்ளை முகத்தோடு மிளகாய் சம்பல் கேட்டன. கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அத்தை தன் தட்டிலிருந்த இறாலையெல்லாம் பொறுக்கி மகளின் தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஊருக்குப் போன் போட்டேன். நான் நினைத்தபடியே முருகேசன்தான் எடுத்தான். அதிகம் பேசாத பையன். கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்க்கிறான், அம்மா சொன்னால் யாரையும் கட்டிக்கொள்வான்.

"பொண்ணு எப்படிக்கா?" என்றான் மெதுவாக.

"கிட்டார் வாசிக்கிறா. அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. பிரமாதம்டா. ஆனா உனக்குக் கிடைக்க மாட்டா."

கடலுக்கடியில் போகும் லைனின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் வருத்தப்படுகிறானோ என்று காதைத் தீட்டினேன்.

"ஏன்க்கா, அவ வாசிக்கிறதுக்குக் கேசட் இருக்கா?"

"இருந்துச்சு. எல்லாம் வித்துப் போச்சு."

"எல்லாமேவா?" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.